கதை நேரப் படத்துக்குக் கலர் அடிக்க: கிரேயானா, கலர் பென்சிலா, ஸ்கெட்ச்சா?

போன ஆடியில் எங்கள் வகுப்புக்கு மொத்தமாகக் கலர் வாங்க வேண்டியிருந்தது. திருவாரூர் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. 2022-ல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து 1, 2, 3 மூன்று வகுப்பும் என்னிடம் ஒரே அறையில்தான். மொத்தம் 26 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மதியம் கதை சொல்லி முடித்ததும் ஒரு படம் கொடுப்பேன். வேப்பமரத்தடியில் டீச்சர் உட்கார்ந்து கதை சொல்கிறார், சுற்றிலும் பிள்ளைகள், பின்னால் பள்ளிக்கூடச் சுவர், அதற்கு அந்தப்பக்கம் வயல். நானே வரைந்து ஜெராக்ஸ் எடுத்தது. அதற்குக் கலர் அடிக்க மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தடிமனான கிரேயானுக்கு வந்து சேர்ந்தேன்.

ஸ்கெட்ச் பேனாவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பளிச்சென்று இருக்கும், பிள்ளைகளுக்கும் அதன் மேல்தான் ஆசை. ஆனால் ஜெராக்ஸ் தாள் மெல்லிசு, 70, 75 ஜிஎஸ்எம்தான். வானம் மாதிரி பெரிய இடத்தை நிரப்ப ஒரே இடத்தில் நாலு தடவை தேய்த்தால் தாள் ஊறி, நூல் நூலாகப் பிரிந்துவிடும். மூடி ஒன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டு போனால் அந்தக் கலர் காய்ந்த மாதிரிதான். வீட்டில் ஒரே பிள்ளை, கெட்டித் தாள் என்றால் தாராளமாக வாங்கலாம்.

கலர் பென்சிலை அப்படித் தள்ளிவிட முடியாது. படத்தில் உள்ள சட்டைப் பொத்தான், டீச்சரின் புடவைக் கரை இதையெல்லாம் கோட்டுக்குள் நிற்கிற மாதிரி அடிக்க அதுதான் வசதி. கையில் ஒட்டாது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே பச்சையில் இரண்டு மூன்று பச்சை கொண்டுவரலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அது நன்றாகவே பேசும். ஒரு வருஷம் முழுக்க நானும் அதைத்தான் கொடுத்தேன்.

சிக்கல் சீவுவதில்தான்.

கலர் பென்சிலின் உள்ளே இருப்பது சாதாரண பென்சிலில் உள்ள கரி இல்லை. மெழுகும் நிறமியும் பிசினும் சேர்ந்த மெல்லிய குச்சி அது. சிமென்ட் தரையில் ஒரு தடவை விழுந்தால் மரத்துக்குள்ளேயே இரண்டு மூன்று இடத்தில் விண்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் சீவச் சீவ முனை கழன்று கழன்று விழும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முழுக்கையால் பிடித்து அழுத்துகிற அழுத்தத்துக்கு நல்ல பென்சிலே தாங்காது. “டீச்சர், மொன உடஞ்சிட்டு!” என்று ஒரு குரல் வரும், திரும்புவதற்குள் என் மேசை முன்னால் வரிசை நிற்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொண்டாலும் 26 பேருக்கு 52 தடவை. தடவைக்கு அரை நிமிஷம் போட்டால் 26 நிமிஷம். நம்மிடம் இருப்பதே 40 நிமிஷப் பாடவேளை. ஷார்ப்னர் பிளேடு மழுங்கிவிட்டால் கணக்கு இன்னும் கூடும்.

நேரம் போவதைவிட எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. கலர் அடிக்கும்போதுதான் பிள்ளைகள் கதையைப் பற்றிப் பேசுவார்கள். சொல்லும்போது வாயைத் திறக்காத பிள்ளைகூட, தலையைக் குனிந்து தேய்த்துக்கொண்டே “அந்த நரி ஏன் டீச்சர் திரும்ப வரல?” என்று கேட்கும். அந்த வருஷம் பாதி நாள் நான் அதைக் கேட்கவில்லை. சீவிக்கொண்டிருந்தேன்.

கிரேயானில் இந்த வேலையே கிடையாது. பாரஃபின் மெழுகில் நிறமி கலந்த குச்சி, முழுவதுமே முனை. உடைந்தால் இரண்டு பேருக்கு ஆச்சு. சின்னத் துண்டு இன்னும் நல்லது: முழுக்கையால் பிடிக்க இடம் இல்லாததால் பிள்ளை தானாகவே மூன்று விரலில் பிடிக்கும், எழுதுவதற்கும் அதே பிடிதான் வேண்டும். குழந்தைகளின் கைப்பயிற்சி பார்க்கிற தெரபிஸ்டுகள் துண்டு கிரேயானைச் சிபாரிசு செய்வதும் இதற்காகத்தான்.

ஒன்றின் மேல் ஒன்று பூசலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தை மாசம் ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த வயலை முதலில் மஞ்சளால் அழுத்தி நிரப்பினாள். அப்புறம் பச்சைக் கிரேயானைப் படுக்க வைத்து, பட்டும் படாமலும் மேலே இழுத்தாள். கதிர் முற்றி, பயிரின் தண்டு மட்டும் இன்னும் பச்சை விடாத சம்பா வயல் அப்படியே வந்துவிட்டது. “எங்க வயல்ல அறுப்பு மெஷின் இறங்கிட்டு டீச்சர்” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. பொடி உதிரும், உள்ளங்கை பட்டால் இழுபடும். சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னலோரம் டப்பாவை வைத்துவிட்டு, நாலு குச்சி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனதைப் பார்த்தேன், இப்போது பீரோவுக்குள்தான். முகம் சின்னதாக இருந்தால் கண்ணும் மூக்கும் அப்பிவிடும், அதனால் படத்தை ஏ3 அளவுக்குப் பெரிதாக்கிவிட்டேன். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தாள் நமத்துப்போன நாட்களில் ஸ்கெட்ச் மை பரவியது, கிரேயான் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ஒரு மழைக்காலத்தை மட்டும் வைத்து இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆயில் பேஸ்டலை வீட்டில் என் அக்கா பெண்ணோடு மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறேன்: நிறம் அள்ளுகிறது, சட்டையிலும் அள்ளுகிறது. வாட்டர் கலர் இரண்டே தடவை, அதுவும் நாலு பிள்ளைகளோடு. 26 பேருக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் பார்த்ததில்லை.

நம்மூர் டீச்சர்கள் கேட்டால், ஐந்து பேருக்கு ஒரு டப்பா, தடித்த கிரேயான், 12 கலர் போதும் என்பேன். சுற்றியிருக்கும் பேப்பரை முதல் நாளே உரித்துவிடுங்கள், படுக்க வைத்து இழுக்க அதுதான் வழி. கண், மூக்கு, புடவைக் கரைக்கு மட்டும் நாலு கறுப்பு, நாலு சிவப்புக் கலர் பென்சில் என் மேசையில் தனியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே அந்த எட்டையும் சீவி வைத்துவிடுகிறேன்.