ஷாப் ஃப்ளோரில் நோட்-ரெட், ஸ்க்ரம்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

கோயம்புத்தூர்ப் பக்கம், பம்புக்கான காஸ்டிங்குகளை மெஷினிங் செய்து தரும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பார்க்கிறேன். சைக்கிள் டைம் எடுப்பது, லேஅவுட் போடுவது, எந்த மெஷின் எவ்வளவு நேரம் ஏன் நின்றது என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. அந்தக் கணக்கு ஷிப்ட் நோட்டிலிருந்து திரைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. மாற்றியவர்கள் மூன்று பேர்: நான், எங்கள் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரு தம்பி. வேலை முறை ஸ்க்ரம்: இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று), அதன் முடிவில் ஓடுகிற ஒரு சாமான் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

செட்டப் இப்படி. கணினி கட்டுப்பாட்டில் ஓடும் புதிய சிஎன்சி மெஷின்கள் ஈதர்நெட்டில் பேசும். ஃபேனக் கம்பெனியின் கன்ட்ரோலர் என்றால் அவர்களுடைய ஃபோகாஸ் லைப்ரரி வழியாக ஓடுகிற புரோகிராம் எண், ஸ்பிண்டில் லோடு, அலாரம் எல்லாம் எடுக்கலாம். மின்சார மீட்டர்கள் மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும். எல்லாம் எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக ஒரு சின்னக் கணினிக்கு வரும், பெட்டிகளைக் கோட்டால் இணைத்துப் புரோகிராம் போடும் நோட்-ரெட் அதைப் பிரித்து டேட்டாபேஸில் போடும், கிராஃபானா கிராஃபாகத் திரையில் காட்டும். நோட்-ரெட்டுக்கும் கிராஃபானாவுக்கும் லைசன்ஸ் செலவு இல்லை. மெஷின்களை இப்படி நெட்வொர்க்கில் இணைப்பதற்கான 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயர் 2011 ஹானோவர் கண்காட்சியில்தான் வெளியே வந்தது. மோட்பஸோ 1979-இல் மோடிகான் கொண்டுவந்தது, எம்க்யூடிடி 1999-இல் எண்ணெய்க் குழாய்களை சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க எழுதப்பட்டது. புதுப் பெயருக்குள் பழைய சரக்குதான். அடிபட்டுப் பழகிய சரக்கு என்பதால்தான் தைரியமாக வைக்க முடிகிறது.

நேரத்தைத் தின்றது சாஃப்ட்வேர் இல்லை, கம்பி. மேஜையில் வைத்துப் பார்க்கும்போது மீட்டர் சமர்த்தாகப் பேசும். ஷாப்பில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடத் தொடங்கியதும் பதிலே வராது. ஷீல்டு போட்ட ட்விஸ்டட் பேர் கேபிள், கடைசி இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், பவர் கேபிள் போகும் ட்ரேயில் சேர்க்காமல் தனி வழி. இந்த மூன்றையும் செய்த பிறகு தொந்தரவு நின்றது. அடுத்தது ரெஜிஸ்டர் முகவரி, அதாவது மீட்டருக்குள் ஒவ்வொரு அளவும் இருக்கும் இடத்தின் எண். கையேட்டில் 40001 என்று இருக்கும், கம்பியில் போவது 0. 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டராக வரும். எந்தப் பாதி முன்னால் என்பது மீட்டருக்கு மீட்டர் வேறு. மாற்றி ஒட்டினால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு எண் நிற்கும். புது மீட்டர் எது வந்தாலும் முதலில் வோல்டேஜைப் படித்து, கையில் மல்டிமீட்டர் வைத்து ஒத்துப் பார்த்த பிறகே மற்றதற்குப் போவது எங்கள் வழக்கம்.

பழைய லேத்துகளுக்கு எந்தப் போர்ட்டும் கிடையாது. அவற்றில் கம்பியில் ஓடும் கரன்ட்டை அளக்கும் ஒரு கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினோம். இதில் ஒரு நுணுக்கம். மெயின் லைனில் மாட்டினால் ஹைட்ராலிக் மோட்டாரும் கூலன்ட் பம்பும் இழுக்கும் கரன்ட்டே மெஷின் ஓடுவது போலக் காட்டும். ஸ்பிண்டில் டிரைவுக்குப் போகும் கம்பியில் மாட்டினால்தான் வெட்டுகிறதா, சும்மா நிற்கிறதா என்று தெரியும். எங்கள் எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து பார்த்த கணமே சொன்ன யோசனை இது. எந்த டிஜிட்டல் கன்சல்டன்டின் ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை.

மெஷின் நின்றது தானாகத் தெரியும். ஏன் நின்றது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் ஸ்பிரின்ட் முறைக்கு நான் முழு மார்க் போடுவேன். முதல் ஸ்பிரின்ட் முடிவில் ரிவியூவுக்குக் கொண்டுபோனது ஒரு டேப்லெட்டில் நீளமான காரணப் பட்டியல். லேத் ஆபரேட்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "அண்ணா, கடைசில 'இதர'ன்னு வெச்சிருக்கீங்கல்ல, எல்லாரும் அதைத்தாங்க அமுக்குவாங்க" என்றார். அடுத்த முறை பட்டியல் பெரிய பொத்தான்களாகச் சுருங்கியது: காஸ்டிங் வரலை, டூல் மாத்தறேன், செட்டிங், க்யூசிக்கு (தரச் சோதனைக்கு) வெயிட்டிங், கிரேன் வரலை, மெயின்டனன்ஸ். 'இதர' எடுத்தாகிவிட்டது. பொத்தான்களின் பெயரை அவர்களே சொன்னார்கள். பிறகு இன்னொரு சிக்கல்: கூலன்ட் ஈரக் கையில் டச் ஸ்கிரீன் சரியாக வேலை செய்யாது. டேப்லெட்டைக் கழற்றி, பேனலுக்கு வாங்கும் அதே சாதாரண புஷ் பட்டன்களை ஒரு டப்பாவில் பதித்தோம். இன்றும் ஓடுவது அந்த டப்பாதான். ஆறு மாத பிளான் போட்டு வெளியே ஆர்டர் கொடுத்திருந்தால் டேப்லெட்தான் வந்து சேர்ந்திருக்கும், பில்லும் பாஸாகியிருக்கும்.

அந்தப் பொத்தான்கள் காட்டிய முதல் விஷயமே மெஷின் பழுதைப் பற்றியது இல்லை. முதல் பீஸ் க்யூசி ஓகேவுக்காக மெஷின்கள் காத்து நிற்கும் நேரம், பழுதில் நிற்கும் நேரத்தை விட அதிகமாக இருந்தது. உயரம் அளக்கும் ஒரு ஹைட் கேஜை லைனுக்குப் பக்கத்திலேயே வைத்ததில் பெரும்பகுதி தீர்ந்தது. சாஃப்ட்வேரில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

ஸ்க்ரம் புத்தகப்படி நடக்கிறதா என்று கேட்டால், இல்லை. வேலையின் அளவை மதிப்பிடும் ஸ்டோரி பாயின்ட் கணக்கை விட்டுவிட்டோம். தினசரி நின்றபடிப் பேசுவது காலை ஷிப்ட் மாறும் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. ரிவியூ மீட்டிங் ரூமில் கிடையாது, மெஷின் பக்கத்தில்தான். இதை ஷாப் ஃப்ளோருக்கு அந்நியச் சரக்கு என்று யாராவது முகம் சுளித்தால் நான் வரலாற்றைச் சொல்வேன். 2001-இல் யூட்டாவில் 17 பேர் கூடி, சின்னச் சுற்றுகளாக சாஃப்ட்வேர் செய்யும் அஜைல் முறைக்கான அறிக்கை எழுதினார்கள். ஆனால் 'ஸ்க்ரம்' என்ற பேச்சு 1986-இல் டகேயுச்சியும் நோனகாவும் ஹோண்டா, கேனான் போன்ற கம்பெனிகளின் தயாரிப்புக் குழுக்களைப் பார்த்து எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. கார்டு வைத்து வேலையை நகர்த்தும் கான்பான் டொயோட்டாவுடையது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஒத்துவராத இடமும் உண்டு: பிஎல்சி, அதாவது மெஷினை இயக்கும் கன்ட்ரோலர். திரையில் ஒரு கிராஃபை மத்தியானம் மாற்றலாம், தப்பானால் பத்து நிமிடத்தில் பழையதைப் போடலாம். ஓடுகிற மெஷினின் லாஜிக்கை அப்படித் தொட முடியாது. அதற்கு வார லீவு அல்லது ஷட்டவுன் வேண்டும், பக்கத்தில் மெயின்டனன்ஸ் ஆள் நிற்க வேண்டும். அதனால் எங்கள் போர்டில் இரண்டு வரிசை. மெஷினிலிருந்து படிக்க மட்டும் செய்கிற வேலை ஸ்பிரின்ட்டில் ஓடும். மெஷினுக்கு எழுதுகிற வேலை எதுவானாலும் ஷட்டவுன் வரிசையில் காத்திருக்கும். எமர்ஜென்சி ஸ்டாப், டோர் இன்டர்லாக் இரண்டும் போர்டுக்கே வராது.

ஓஇஇ, அதாவது மெஷினின் மொத்தத் திறனைக் காட்டும் எண்ணைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கசப்பு. கிடைத்த நேரம், வேகம், தரம் மூன்றையும் பெருக்கி வருவது. எல்லோரும் சொல்லும் 85 சதவீதம் என்பது 90, 95, 99.9 என்ற மூன்றின் பெருக்கல். ஒரே பாகத்தை மாதக்கணக்கில் ஓட்டும் லைனுக்கு அது சரி. தினமும் செட்டிங் மாறும் எங்கள் மாதிரி இடத்தில் அதைத் துரத்தினால் தேவையில்லாத ஸ்டாக்தான் சேரும். "இதை வெச்சு ப்ரொடக்ஷன் ரேட்டை ஏத்திடுவீங்களா சார்?" என்று ஆபரேட்டர் ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. வேகம் 100-ஐத் தாண்டினால் நாங்கள் வைத்த சைக்கிள் டைம் தளர்வு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த எண்ணை இன்சென்டிவோடு கட்ட மாட்டோம் என்று மேனேஜ்மென்ட் ஒத்துக்கொண்ட பிறகே பொத்தான்களில் உண்மை வர ஆரம்பித்தது.

நீண்ட நாள் ஓட்டியதில் சில குறிப்புகள். நோட்-ரெட் எடிட்டரில் பாஸ்வேர்டு தானாக இருக்காது, முதல் நாளே போட்டுவிடுங்கள். ஃப்ளோ (நோட்-ரெட்டில் போடும் புரோகிராம்) எல்லாம் ஜேசன் என்ற டெக்ஸ்ட் ஃபைலில் போய் உட்காரும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்'டில் ஏற்றலாம், ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணால் படிப்பது கஷ்டம். எனவே ஃப்ளோக்களைச் சின்னதாக வைப்போம், ஒவ்வொன்றிலும் ஏன் இப்படி என்று தமிழிலேயே ஒரு கமென்ட். கரன்ட் போய்ப் போய் வருவதால் மெமரி கார்டை நம்பாமல் எஸ்எஸ்டி, யுபிஎஸ் வைத்தோம். எம்க்யூடிடியில் 'லாஸ்ட் வில்' என்றொரு வசதி உண்டு, சாதனம் துண்டானால், செய்திகளை வாங்கிக் கொடுக்கும் ப்ரோக்கரே அறிவித்துவிடும். ஆனால் மீட்டர்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் கேட்வே உயிரோடிருந்து அதன் பின்னால் உள்ள மீட்டர் மட்டும் செத்தால் அது உதவாது. கடைசி எண்ணே பச்சையாக நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு எண்ணோடும் நேரத்தைச் சேர்த்து அனுப்பி, பழசானால் சாம்பல் நிறமாக்குவதே வழி.

புரோகிராம் தெரிந்த ஒருவரும் பேனல் தெரிந்த ஒருவரும் சம்பளத்தில் இருக்கிற கம்பெனிக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். ஒருவர் மட்டும்தான் என்றால் வேண்டாம். அவர் வேறு வேலைக்குப் போன வாரமே திரை வெறும் அலங்காரமாகிவிடும், அதற்கு ரெடிமேட் சிஸ்டத்துக்குப் பணம் கட்டுவது மேல். எங்களுக்கு இன்னும் பாக்கி இருப்பது பிஎல்சி புரோகிராம் பேக்கப். எந்த லேப்டாப்பில் இருப்பது கடைசி வெர்ஷன் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். படிக்கும் வேலைதான் என்றாலும் பிஎல்சியைத் தொடுவதால், அடுத்த ஷட்டவுன் வரிசையில் முதல் கார்டு அது.