எச்சரிக்கை: ரோலப் சேவையில் காணாமல் போன எடைச்சீட்டுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்று. ஒரு சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பிறகு அங்கே ரோலப் செயினில் (பதிவுகளைத் தன்னிடம் வாங்கி, பிறகு மூட்டையாக ஈத்தீரியம் என்ற பொது பிளாக்செயினில் இறக்கும் துணைச் செயின்) பதிவான எடைச்சீட்டுகள் எல்லாம் ஞாயிறு விடியற்காலை 2 மணிவாக்கில் ஒரே அடியாகச் செயினை விட்டுப் போய்விட்டன. திங்கட்கிழமை கிராணி வந்து, சீட்டில் அச்சான டிரான்சாக்‌ஷன் எண்ணைப் போட்டுத் தேடினால் ‘கிடைக்கவில்லை’ என்று வந்தது. சனி மாலை அதே எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தது. சேவை கொடுத்த கம்பெனி வாட்சப்பில் அனுப்பிய பதில் ஒரே வரி: “நெட்வொர்க் பிராப்ளம், இப்போ ஓகே.” நெட்வொர்க்குக்கு ஒரு கேடும் இல்லை.

விற்கும்போது சொன்னது, மாதச் சந்தா கட்டினால் ஓபி ஸ்டாக் என்ற ரோலப் மென்பொருளில் சொந்தச் செயின், ஈத்தீரியத்தின் பாதுகாப்பு முழுசாகக் கிடைக்கும் என்பது. மலேசியாவின் நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயம் என்பதால் குலை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையைப் பிடித்துத்தான் இதை விற்கிறார்கள்.

பாதுகாப்பு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. பதிவுகளை வரிசைப்படுத்தும் சீக்வென்சர் என்ற நிரல் 2 விநாடிக்கு ஒரு பிளாக் (பதிவுத் தொகுப்பு) போடும். அந்த நேரத்தில் அது ஈத்தீரியத்தைத் தொடவே இல்லை. அந்தக் கம்பெனியின் சர்வர் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும் வாய்வார்த்தை மட்டுமே. எக்ஸ்ப்ளோரர் என்ற தேடல் பக்கத்தில் தெரியும் பச்சை டிக்கும் இந்த வாய்வார்த்தைக்குத்தான். பேட்சர் என்ற இன்னொரு நிரல் அந்த பிளாக்குகளை மூட்டை கட்டி ஈத்தீரியத்தில் பிளாப் (தற்காலிக டேட்டாப் பொட்டலம்) ஆக இறக்கிய பிறகே அவை ‘சேஃப்’ ஆகின்றன. இறக்குவதற்கும் கெடு உண்டு. ஓபி ஸ்டாக்கின் வழக்கமான அமைப்பில் அது 3,600 ஈத்தீரியம் பிளாக், அதாவது 12 மணி நேரம். கெடு தாண்டினால் அந்த இடத்தில் காலி பிளாக் விழும். அதன்மேல் சீக்வென்சர் அடுக்கி வைத்திருந்த எல்லாம் சேர்ந்து சரியும்.

இங்கே நடந்ததும் அதுதான். செலவு மிச்சம் பிடிக்க ஒரு மூட்டை எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ் சேனல் டியூரேஷன் என்ற அமைப்பை 1,500 பிளாக், அதாவது 5 மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். சின்ன செயினுக்கு அது தப்பில்லை. 2 மணிக்குத் திறந்த மூட்டை இரவு 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் அதற்குக் கட்டணம் கட்டும் பேட்சர் வாலட்டில் ஈத்தர் (ஈத்தீரியத்தின் நாணயம்) காலி. கெடுவுக்கு மிச்சம் இருந்தது 7 மணி நேரம். வார இறுதியில் வாலட்டைப் பார்க்க ஆள் இல்லை. குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குச் சேர்க்க ஓடுகிறவர்களுக்கு 12 மணி நேரக் கெடு ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

தடுக்க வழி இருக்கிறது. செயினை ஓட்டும் ஓபி நோட் என்ற நிரலில் சீக்வென்சர் மேக்ஸ் சேஃப் லேக் என்று ஓர் அமைப்பு உண்டு. வழக்கமாக அது 0, அதாவது அணைந்தே கிடக்கும். 14,400 பிளாக் என்று வைத்தால், 8 மணி நேரம் மூட்டை இறங்காதபோது செயின் நின்றுவிடும். நின்ற செயின் கிராணியின் கண்ணில் உடனே படும், அவர் சீட்டைக் கையால் எழுதிக்கொள்வார். ஓடுவது போல் நடித்துவிட்டுச் சரிகிற செயினை விட அது எவ்வளவோ மேல். இதை எழுத்தில் கேளுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. நோடிடம் ‘லேட்டஸ்ட்’ பிளாக் எண்ணையும் ‘சேஃப்’ பிளாக் எண்ணையும் தனித்தனியாகக் கேட்டுக் கழியுங்கள். 5 மணி நேர மூட்டைக்கு வித்தியாசம் 9,000-ஐச் சுற்றி ஏறி, பிறகு இறங்க வேண்டும். 10,000 தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் உடனே போன் அடியுங்கள். பேட்சர் முகவரியின் இருப்பும் ஈத்தர்ஸ்கேன் என்ற பொதுத் தளத்தில் யாருக்கும் தெரியும். இரண்டு வாரச் செலவுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். சீட்டில் ‘உறுதி’ என்று அச்சடிப்பது சேஃப் ஆன பிறகுதான்.

பில்லும் சுத்தமில்லை. 5 மணி நேரத்துக்கு ஒரு மூட்டை என்றால் மாதத்துக்குச் சுமார் 150. பில்லில் போட்டது 1,440, அதாவது அரை மணிக்கு ஒன்று. பேட்சர் முகவரியிலிருந்து மூட்டைகள் போய்ச் சேரும் இன்பாக்ஸ் முகவரிக்குப் போனவற்றை எண்ணினாலே குட்டு உடைந்துவிடும். ஒரு பிளாப் 128 கிலோபைட். பாதி காலியானாலும் முழு விலை. நாளுக்கு 200 சீட்டு, சீட்டுக்கு 150 பைட் என்றாலும் சுமார் 30 கிலோபைட்தான், ஒரு பிளாப்பில் கால்வாசிகூட இல்லை.

சாவி விஷயம் இன்னும் மோசம். ஈத்தீரியத்தில் இந்தச் செயினை ஆளும் கான்ட்ராக்ட்களை (நிரல்களை) மாற்றும் உரிமை, ப்ராக்ஸி அட்மின் என்ற கான்ட்ராக்டின் உரிமையாளருக்கு. பேட்சரை மாற்றும் உரிமை, சிஸ்டம் கான்ஃபிக் என்ற கான்ட்ராக்டின் உரிமையாளருக்கு. ஈத்தர்ஸ்கேனில் ‘ஓனர்’ என்று படித்தால் முகவரி தெரியும். இங்கே இரண்டும் ஒரே தனிச் சாவி, அதுவும் கம்பெனி கையில். மூன்றில் இரண்டு கையெழுத்து என்ற மல்டிசிக் கேளுங்கள், இரண்டு உங்கள் பக்கம் இருக்கட்டும். மாதத் தவணை கட்டித் தோட்டம் வாங்கிய கூட்டுறவு ஆட்கள் இருக்கிற ஊர் இது, கணக்குப் புத்தகம் யாரிடம் என்று கேட்கத் தெரியாதவர்கள் இல்லை. ‘சொந்தச் செயின்’ என்றதும் கேட்க மறந்துவிட்டார்கள்.

விலகிப் போக நினைத்தால் அடுத்த பள்ளம். “டேட்டா எல்லாம் ஈத்தீரியத்தில் என்றைக்கும் இருக்கும்” என்பது பொய். 2024 மார்ச் 13-ல் டென்கன் என்ற ஈத்தீரியம் மேம்பாடு வந்த பிறகு பிளாப்புகளை நோடுகள் சுமார் 18 நாள்தான் வைத்திருக்கும். செயினின் தொடக்க நிலையைச் சொல்லும் ஜெனிசிஸ் கோப்பு, அதன் அமைப்புகளைச் சொல்லும் ரோலப் கோப்பு, வாரம் ஒரு டேட்டாபேஸ் நகல் மூன்றும் உங்கள் ஹார்ட்டிஸ்க்கில் இல்லையென்றால் வேறு இடத்தில் செயினை எழுப்ப முடியாது. ஒப்பந்தத்தில் இதை எழுதாத கம்பெனிக்கு முன்பணம் ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு இதைக் கொண்டுபோய் அலைய வேண்டாம். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பயனீட்டாளர் என்றால் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்தான். வியாபாரத்துக்கு வாங்கியது அதில் வராது. ஒப்பந்தத்தோடு வக்கீலைப் பாருங்கள்.

எங்களைக் கேட்டால், இந்த அளவு சீட்டுக்குச் சொந்த ரோலப்பே தேவையில்லை. ஒரு நாள் சீட்டுகளின் ஹேஷை (தரவின் கைரேகை போன்ற குறுகிய எண்) ஏற்கெனவே ஓடுகிற பொது ரோலப் ஒன்றில் மாலையில் ஒருமுறை பதித்தால் போதும்.

தொலைந்த சீட்டுகள் நிலையத்தின் கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி ஏற்றப்பட்டன. ஆனால் செயின் அவற்றுக்குப் போட்ட நேரம் திங்கட்கிழமை. லோரிக்காரர் கையில் இருக்கும் காகிதத்தில் சனிக்கிழமை. ஆடிட்டரிடம் காட்ட இரண்டையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறார்கள்.