கே.கே. நகர், வடபழனி பக்கம் ஜிம்மில் சேரப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நேற்று சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு மெசேஜ். வடபழனியில் புது பிராஞ்ச் திறக்கிறோம் மேடம், தீபாவளி ஆஃபர், முதலில் சேரும் ஐம்பது பேருக்குப் பாதி விலை என்று. அனுப்பியது யார் என்றால், நான் பணம் கட்டி ஏமாந்த பழைய ஜிம்மின் மேனேஜர், ஜூன் மாதத்திலிருந்து என் போனை எடுக்காத அதே ஆள். நம்பரும் ஜிம்மின் பெயரும் புதுசு, ஆள் பழசு. இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன், அந்த மெசேஜைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

ஜனவரியில் ரத்தம் டெஸ்ட் எடுத்ததில் எனக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம், இப்போதே நடந்து, சோற்றைக் குறைத்தால் திருப்பலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் நான், அந்தப் பயத்தோடுதான் அந்தப் பழைய ஜிம்மின் படியை ஏறினேன்.

ஏறினதும் ஒரு மெஷின் மேல் நிற்க வைத்தார்கள். இரண்டு கைப்பிடியைப் பிடித்தால் ஒரு சீட்டு வரும். அதில் என் உடம்பு வயது 54 என்று இருந்தது. எனக்கு 39. அந்த மாதிரி மெஷின் உடம்புக்குள் லேசான மின்சாரம் அனுப்பித்தான் கணக்குப் போடுகிறது, தண்ணீர் குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் அளவு மாறும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மேனேஜரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், ஏற்கெனவே இரண்டு தடவை வாக்கிங் ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டேன் சார், எனக்குத் தொடர்ந்து செய்ய வரவில்லை என்று.

அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். "மாசா மாசம் கட்டினா விட்டுடுவீங்க மேடம். மொத்தமா கட்டிப் பாருங்க, காசு போகுதேன்னு கால் தானா வரும்." நியாயமாகப் பட்டது. இப்போது யோசித்தால், மாதம் கட்டுகிறவர் வராமல் போனால்தான் அவர்களுக்கு நஷ்டம். வருடத்துக்குக் கட்டினவர் வராமல் இருப்பது அவர்களுக்கு லாபம், ஏனென்றால் பணம் கட்டின அத்தனை பேரும் காலை ஆறரை மணிக்கு வந்து நின்றால் நாலு ட்ரெட்மில் இருக்கிற அந்த ஹாலில் நிற்கவே இடம் இருக்காது.

சந்தா 24,000, பெர்சனல் ட்ரெயினிங் 36 வகுப்புக்கு 18,000, மொத்தம் 42,000 ரூபாய். அவ்வளவு இல்லை என்றதும், நோ காஸ்ட் ஈஎம்ஐ, மாசம் 3,500 மட்டும்தான் என்று பான், ஆதார் எல்லாம் வாங்கி, என் போனில் வந்த ஓடிபியை அவரே பார்த்து அடித்துக்கொண்டார். அது ஜிம்முக்குக் கட்டும் தவணை என்று நினைத்தேன். உண்மையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி என் பெயரில் கொடுத்த கடன். ஜிம்முக்கு அவர்கள் பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டார்கள், பன்னிரண்டு மாதம் கடன்காரி நான்.

டயட் சார்ட் என்று கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் தாள், மேலே வேறு யாருடைய பெயரோ வைட்னர் வைத்து அழித்திருந்தது. ஓட்ஸ், ப்ரோக்கோலி, முட்டை வெள்ளை, ராத்திரிக்குச் சாப்பாட்டுக்குப் பதில் அவர்கள் விற்கும் பவுடர். டப்பா 3,900, ரொக்கமாக மட்டும், பில் கிடையாது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிமத்தின் பதினாலு இலக்க எண் எங்கேயும் இல்லை. உடம்பு ஏற்ற புரோட்டீன் பவுடர்களைத் தவிருங்கள் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா. மூன்றாவது வாரம் அசோக் நகர் மெட்ரோ படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். போய்ச் சொன்னதற்குக் கிடைத்த பதில், "உங்களுக்கு மோட்டிவேஷன் பத்தல மேடம்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை ஐந்து மாதம் வாயை மூட வைத்தது. ட்ரெயினர் மாறிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை அக்கா என்று ஒரு பெண் அழுதுவிட்டுப் போனாள், 36 வகுப்பில் எனக்குக் கிடைத்தது 11. பையனின் பரீட்சைக்காக ஏப்ரலில் இரண்டு வாரம் போகவில்லை, அந்தக் குற்ற உணர்ச்சியில், ஒழுங்காக வராத நமக்குக் கேட்க என்ன உரிமை என்று இருந்துவிட்டேன். சாயங்கால லேடீஸ் பேட்சில் இருந்தவர்களிடம் பிற்பாடு பேசினால் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஜூனில் "புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது" என்று ஒரு பேப்பர், உள்ளே மெஷின் எதுவும் இல்லை. கோபத்தில் ஜூலை தவணைக்கு அக்கவுண்டில் பணம் வைக்காமல் விட்டேன். அதை நீங்கள் யாரும் செய்யாதீர்கள். பவுன்ஸ் சார்ஜ் போட்டார்கள், ஆபீஸுக்கே போன் செய்தார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் இறங்கியது. முதலில் ஜிம் மூடிய போட்டோ, ரசீது, வாட்ஸப் பேச்சு எல்லாம் வைத்து ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம்.

ஜிம் மேல் தனியாக 1915-க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதில் ஜிம் தரப்பிலிருந்து பதிலே வராததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி என்கிற அரசு இணையதளத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கட்டின பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

உடம்பை அப்படியே விட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டயட்டீஷியனைப் பார்த்தேன், அவர் முதலில் கேட்டது "வீட்ல என்ன சமைக்கிறீங்க?" என்றுதான். அதே சாம்பார், அதே பொரியல், பாதித் தட்டு காய், சோறு ஒரு கரண்டி, சாயங்காலம் சுண்டல். காலை ஐந்தரைக்கு எதிர் வீட்டு அக்கா சிவன் பூங்கா வாசலில் எனக்காக நிற்பார், அவரைக் காக்க வைக்கக் கூடாது என்றே எழுந்து போகிறேன். மூன்று மாதம் ஆகிறது, போன வாரம் பார்த்ததில் அந்த 6.1 இப்போது 5.8.

அந்த ஜிம்மில் பணம் கட்டினவர்கள் இதைப் பார்த்தால் ரசீதைத் தேடி எடுத்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு போடலாம். எங்கள் பேட்சில் இதுவரை ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம்.