வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: காரைக்குடியில் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் எம்.ஏ. இங்கிலீஷும் பி.எட்.டும் முடித்துவிட்டு, மெட்ரிக் பள்ளிகளில் 12,000, 15,000 சம்பளத்துக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருத்தி. எங்களைப் போன்றவர்களைக் குறிவைத்தே 100 அடி ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் ஒரு பயிற்சி நிறுவனம் நடக்கிறது. "120 மணி நேர இன்டர்நேஷனல் டெஃபல் கோர்ஸ். வேலை உறுதி. மாதம் 1.5 லட்சம்" என்று ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் வியட்நாம், தாய்லாந்து, சீனா, கொரியா கொடிகள் வரிசையாக இருக்கும். நான் 48,000 ரூபாய் கட்டினேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

டெஃபல் என்பது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சி. அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. நாளைக்கே நீங்களும் நானும் ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்து டெஃபல் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம். 120 மணி நேரம் என்பதும் சட்டம் வைத்த அளவு இல்லை, சந்தையில் படிந்துபோன கணக்கு. இதையெல்லாம் அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

வகுப்பு என்று நடந்ததில் பாதிக்கு மேல் பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் வரும், படித்துக்கொள்ள வேண்டும். நான் எதிர்பார்த்துச் சேர்ந்தது கற்பித்தல் பயிற்சிக்குத்தான். தமிழே தெரியாத, ஆங்கிலமும் தெரியாத பிள்ளைகள் முன்னால் நின்றால் என்ன செய்வது என்பது பி.எட்.டில் யாரும் சொல்லித்தராத விஷயம். அந்தப் பயிற்சி நாள் வந்தது. பயிற்சியாளர் எங்களோடு படித்த பள்ளத்தூர் ஆச்சி ஒருவரைப் பார்த்து, "மேம், நீங்க வியட்நாம் பையன். உங்களுக்கு இங்கிலீஷே தெரியாது, சரியா?" என்றார். அந்த ஆச்சி பிளஸ் டூவுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவர். நான் பென்சிலைத் தூக்கிக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்று கேட்க வேண்டும், அவர் திருதிருவென்று விழிக்க வேண்டும். விழித்தார், பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பயிற்சியாளர் செல்போனில் இருந்து தலையை நிமிர்த்தி, "குட், நெக்ஸ்ட்" என்றார். அவ்வளவுதான். பிறகு என் படிவத்தைப் பார்த்தால், "கண்காணிக்கப்பட்ட வகுப்பு: 6 மணி நேரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அந்த 6 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் விளங்கியது. கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்ட்டா, டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் செர்ட் டீசால் என்ற இரண்டு ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளிலும் நிஜமான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, எங்கே சொதப்பினோம் என்று எழுதிக் கொடுப்பார். அந்த இரண்டும் இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவலின் பட்டியலில் 5-ஆம் நிலையில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். செலவு கூடுதல்தான். ஆனால் இவர்கள் அங்கிருந்து 6 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான பயிற்சியை விட்டுவிட்டார்கள்.

சான்றிதழில் தங்க முத்திரையோடு ஒரு "சர்வதேச அங்கீகார அமைப்பு" இருந்தது. அதன் இணையதளத்தைத் திறந்தால் லண்டன் பாலத்தின் படம், கீழே இந்திய செல் நம்பர். போன் போட்டேன். எடுத்த குரல், என்னிடம் ஃபீஸ் வாங்கிய அதே கவுன்சிலர் பெண். "ஹலோ மேம், சொல்லுங்க" என்றவள், என் பெயரைச் சொன்னதும் கட் செய்துவிட்டாள். சுவரில் ஐஎஸ்ஓ சான்றிதழும் "மத்திய அரசு பதிவு" என்று ஒன்றும் மாட்டியிருப்பார்கள். அந்த மத்திய அரசுப் பதிவு, சிறு தொழில்களுக்கான எம்எஸ்எம்இ பதிவு. இட்லிக் கடைக்கும் அது கிடைக்கும், இலவசமாக. பாடத்திட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது பாஸ்போர்ட் விஷயத்தில். சான்றிதழ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விசா கொடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்றுதான். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்கானது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா ஒப்பந்தத்தின் வழியாக நமக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்கும் டிகிரியோடு ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும், அதுவும் பள்ளியில் துணை ஆசிரியர் வேலைக்குத்தான். அதாவது, 48,000 ரூபாய்ச் சான்றிதழைவிட என் பி.எட்.டுக்குத்தான் அங்கே மதிப்பு. சீனாவிலும் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவரைத்தான் கேட்கிறார்கள். ஃப்ளெக்ஸில் இருந்த நாலு கொடியில் இரண்டு எங்களுக்குக் கிட்டத்தட்டப் பூட்டிய வீடு. வியட்நாமில் நமக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் ஒர்க் பர்மிட்டுக்கு டிகிரிக்கு முறைப்படி சான்றொப்பம், போலீஸ் கிளியரன்ஸ், மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். இதற்கே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கோர்ஸில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கோர்ஸ் முடிந்ததும் "வேலை உறுதி" வேறு முகம் காட்டியது. சென்னையிலிருந்து ஒருவர் வீடியோ காலில் வந்தார். விசா வேலைகளுக்கு 95,000 கேட்டார். "டூரிஸ்ட் விசாவுல போங்க மேடம், அங்க போய் மாத்திக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்ப்பது குற்றம், பிடித்தால் அபராதம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் ஐயா காலத்தில் வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் பார்க்கப்) போனவர்கள்கூட முதலாளி யார், எத்தனை வருடம், என்ன சம்பளம் என்று சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். இந்த மனிதர் அனுப்பிய ஆஃபர் லெட்டரில் பள்ளியின் முகவரிகூட இல்லை. பதிவெண் கேட்டேன். லைன் சரியில்லை என்றார்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். யார் யார் பதிவு செய்தவர்கள் என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் தள்ளப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். மறந்துவிட வேண்டாம்.

நான் அந்த 95,000-ஐக் கட்டவில்லை. முதலில் கட்டியதைத் திருப்பிக் கேட்டேன். ரசீதை எடுத்துப் பார்த்தால் "வேலை உறுதி" என்ற சொல்லே இல்லை, "வேலைவாய்ப்பு உதவி" என்று இருக்கிறது, அதுவும் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில். பேசப் பேசக் கடைசியில், சான்றிதழைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்து, கூகுளில் ஐந்து ஸ்டார் போட்டால் 10,000 திருப்பித் தருகிறோம் என்றார்கள். அந்த நிறுவனத்துக்குக் கூகுளில் இருக்கும் சிரித்த முகங்களில் எத்தனை பேர் இப்படி வந்தவர்களோ!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், அப்புறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

அதே மாடியில் பணம் கட்டியவர்கள் ரசீது, ஃப்ளெக்ஸ் போட்டோ, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். முக்கியமாக "வேலை உறுதி" என்று கவுன்சிலர் சொன்ன வாய்ஸ் மெசேஜ் யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். என்னிடம் சொன்னதெல்லாம் நேரில் சொன்னது. அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தத் தடவை ஃப்ளெக்ஸில் ஜப்பான் கொடியும் சேர்ந்திருக்கிறது.