டெர்மினேட்டர்: 6 படம், 1 சீரியல், 1 அனிமே – திரும்பத் திரும்பப் பார்த்தபின் தேறுவது எது?

எதிர்காலத்தில் மனிதர்களோடு போரிடும் ஸ்கைநெட் என்ற கணினி அமைப்பு, மனிதர்களின் தலைவனாகப்போகும் ஜான் கானரையும் அவன் தாய் சாராவையும் கொல்ல டெர்மினேட்டர் என்ற மனித உருவ இயந்திரங்களைக் கடந்த காலத்துக்கு அனுப்புவதுதான் கதை. 1984-இல் வந்த முதல் படமும் 1991-இல் வந்த இரண்டாவது படமும் எத்தனை முறை போட்டாலும் அலுக்காதவை. பின்னால் வந்த நான்கில் (2003, 2009, 2015, 2019) முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்க்கத் தோன்றுவது ஒன்றுகூட இல்லை. சில காட்சிகள் தேறும், அவ்வளவுதான். 2008-09-இல் ஓடிய சீரியலுக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்கலாம்.

பணம் போதாததால் வந்த சரிவு இல்லை இது. முதல் படம் சுமார் 64 லட்சம் டாலரில் முடிந்தது; மூன்றாவது 18 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டாம் பாகத்தில் கம்ப்யூட்டரில் உருவாக்கிய காட்சிகள் மொத்தம் 5 நிமிடம் அளவுக்குத்தான் வரும். பிறகு வந்த படங்களில் அதற்குக் கணக்கே இல்லை. கைவிட்டுப் போனது வேறு: அந்த இயந்திரத்தால் எது முடியாது என்ற தெளிவு.

இரண்டாம் பாகத்தில் மனநல மருத்துவமனைக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். கொல்ல வந்த இயந்திரமான டி-1000 கம்பிக் கதவை ஊடுருவி வருகிறது. முகமும் மார்பும் கம்பிகளுக்கு நடுவே வழிந்து மறுபக்கம் கூடிவிடுகின்றன. கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் டக்கென்று கம்பியில் மாட்டுகிறது. கையைச் சற்றே திருப்பி அதை வெளியே எடுத்துக்கொண்டு நடக்கிறது. உடம்பு திரவ உலோகம், துப்பாக்கி சாதாரண இரும்பு. டி-1000 கத்தியாக மாறலாம், கூரான கம்பியாக மாறலாம். ரசாயனமும் அசையும் பாகங்களும் உள்ள துப்பாக்கியாகவோ குண்டாகவோ மாற முடியாது என்று இந்தப் பாகத்தில் ஜானைக் காக்க வந்த பழைய மாடலான அர்னால்டின் டி-800 முன்பே ஜானிடம் சொல்லிவிடுகிறது. அதனால்தான் டி-1000 போலீஸ் துப்பாக்கியை எடுக்க வேண்டியிருக்கிறது, லாரியைப் பறிக்க வேண்டியிருக்கிறது. துரத்தல் முழுக்க இந்த வரம்பின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் பாகத்தின் டி-எக்ஸ் வந்ததும் அந்த வரம்பு போயிற்று. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே திரவ உலோகம், கையிலேயே பிளாஸ்மா துப்பாக்கி, ரம்பம், தீ கக்கும் குழாய். 2019 படத்தின் ரெவ்-9 எலும்புக்கூடு தனியாகவும் திரவம் தனியாகவும் பிரிந்து இரண்டு ஆளாகச் சண்டை போடுகிறது. வில்லனால் எல்லாமே முடியும் என்றால், நாயகர்களை ஏன் இன்னும் கொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்கு இந்தப் படங்கள் கண்ட ஒரே வழி, பிடித்தவரைத் தூக்கி எறிவது. 2009 படத்தின் கிளைமாக்ஸில் டி-800 ஜான் கானரைப் பிடித்துப் பிடித்து வீசுகிறது. முதல் படத்தில் அதே மாடல் ஒரு ரவுடியின் மார்பைக் கையால் துளைத்தது. அங்கே இயந்திரத்துக்கு அடிபட்டால் அடிபட்டதுதான்: கண் போய்விடும், தோல் அழுகும், லாரியில் அடிபட்டபின் அந்த எலும்புக்கூடு கடைசிவரை நொண்டிக்கொண்டே வரும். சேதம் ஏற ஏறத்தான் பயமும் ஏறியது.

கதையில் விழுந்த ஓட்டை இன்னும் பெரியது. இரண்டாம் பாகம், 1997 ஆகஸ்ட் 29-இல் வரவேண்டிய அணு அழிவைத் தடுத்து முடித்துவிட்டது. ஆகவே அடுத்து எவர் எடுத்தாலும் அந்த வெற்றியை முதலில் ரத்து செய்தாக வேண்டும். 2003 படத்தில் அழிவு நாள் 2004 ஜூலைக்குத் தள்ளிப்போனது; சாரா படத்துக்கு வெளியிலேயே ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டாள். இரண்டாம் பாகத்தில் 10 வயது என்று சொன்ன ஜானுக்கு அப்போது 13 என்று இதில் மாற்றிவிட்டார்கள். 2015-இல் நாள் 2017 அக்டோபருக்குப் போனது. மனிதகுலத்தைக் காக்க வேண்டிய ஜானையே இயந்திரமாக்கினார்கள், அந்தத் திருப்பத்தை டிரெய்லரிலேயே காட்டியும் விட்டார்கள். 2019 படம் ஆரம்பித்த சில நிமிடத்தில் சிறுவன் ஜானை ஒரு டி-800 சுட்டுக் கொல்கிறது. ஸ்கைநெட் போய் லீஜியன் என்று பெயர் மட்டும் மாறி அதே போர் திரும்ப வருகிறது. இரண்டு படம் முழுக்க ஒரு தாய் பட்ட பாட்டுக்கு இதுதானா மதிப்பு? ரசிகர்களின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது.

ஏன் மறுபடி மறுபடி முதலிலிருந்து? உரிமை கைமாறிய விதத்தைப் பார்த்தால் புரியும். இரண்டாம் பாகம் எடுத்த கரோல்கோ 1995-இல் திவாலானது. உரிமை ஏலத்துக்குப் போனது. 2007-இல் ஹால்சியன் வாங்கியது, 2009-இல் அதுவும் திவால். 2010-இல் பசிஃபிகார் என்ற முதலீட்டு நிறுவனம் 2.95 கோடி டாலருக்கு எடுத்தது, மறு வருடமே இன்னொரு கை. இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் ஒரு படத்தோடு நிற்பாரா? கடைசி மூன்று படங்களும் புது முத்தொகுப்பின் முதல் பாகம் என்றே திட்டமிடப்பட்டன. மூன்றுக்குமே இரண்டாம் பாகம் வரவில்லை. அடுத்த படத்துக்கென்று ஒதுக்கிவைத்த முடிச்சுகள் அவிழாமலே நிற்கின்றன. மறுமுறை பார்க்கும்போது உறுத்துவது இதுதான்.

தேறும் காட்சிகளைத் தேடுவோருக்கு: மூன்றாம் பாகத்தில் கிரேன் வண்டித் துரத்தல், பிறகு பதுங்கு அறையில் முடியும் கடைசிப் பத்து நிமிடம். அழிவைத் தடுக்க முடியவில்லை என்று துணிந்து சொன்ன முடிவு அது. 2019 படத்தில் சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டன் நெடுஞ்சாலையில் வந்து இறங்கும் காட்சி. 2009, 2015 இரண்டையும் தாண்டிப் போனால் நஷ்டமில்லை.

சீரியல் 2 சீசன், 31 எபிசோட். எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் முதல் சீசன் 9 எபிசோடிலேயே நின்றது. இரண்டாவது சீசனின் நடுப்பகுதி இழுவைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடி ஒளிந்தே வாழும் குடும்பத்தின் களைப்பைக் காட்ட இதற்குத்தான் நேரம் இருந்தது. யாருமே தன்னை அறியாத எதிர்காலத்தில் ஜான் போய் நிற்பதோடு கதை அறுந்துவிடும். 2024-இல் வந்த 8 எபிசோட் அனிமே 1997 டோக்கியோவில் புதிய மனிதர்களோடு நடக்கிறது. பழைய வெற்றியைக் கலைக்காததே அதன் பலம். அதுவும் ஒரே சீசனோடு நிறுத்தப்பட்டது.

டிஸ்க் வாங்குவோர் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த இரண்டாம் பாகத்தின் 4கே பிரதியில் ஃபிலிம் துகள்களை அளவுக்கு மீறித் துடைத்ததால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் இருக்கும்; பழைய புளூரே கண்ணுக்கு இதம். முதல் படத்துக்கு மோனோ (ஒற்றைத் தட) ஒலி கிடைத்தால் அதையே போடுங்கள், பிறகு பல ஸ்பீக்கர்களுக்கெனச் செய்த 5.1 கலவையில் துப்பாக்கிச் சத்தங்களையே மாற்றிவிட்டார்கள்.

இரண்டாம் பாகத்தை முதல்முறை பார்ப்பவருக்கு 137 நிமிடத் தியேட்டர் பதிப்பு. மறுமுறைக்குச் சுமார் கால் மணி நேரம் கூடிய ஸ்பெஷல் எடிஷன்: டி-800-இன் சிப்பை வெளியே எடுத்ததும் சாரா அதைச் சுத்தியலால் உடைக்கப் போவது அதில்தான் இருக்கிறது. உறைந்து நொறுங்கி மீண்ட டி-1000-இன் கை, மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட கைப்பிடியைத் தொட்டதும் அந்தக் கோடுகளையே வாங்கிக்கொள்ளும் காட்சியும் அதில்தான். வயதான சாரா பூங்காவில் உட்கார்ந்திருக்கும் மாற்று முடிவையும் ஒருமுறை பாருங்கள். அழிவு வரவே இல்லை என்று கதவை அடைக்கும் முடிவு. அதை வெட்டிவிட்டு இரவுச் சாலையோடு முடித்தது படத்துக்கு அழகுதான். ஆனால் அந்தத் திறந்த சாலை வழியாகத்தான் மற்ற நான்கு படங்களும் உள்ளே வந்தன.