முதல் மடக்குக் கத்தி: ஓபினலா, பயனியரா, பட்டறைக் கத்தியா?

வாழையிலை அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, மஞ்சள் மூட்டையின் சணலைப் பிரிக்க, பார்சல் டேப்பைக் கீற, நடுவில் ஒரு மாங்காயைச் சீவி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன. கொங்கு நாட்டில் ஒரு மடக்குக் கத்திக்கு ஒரு நாளில் வரும் வேலை அநேகமாக இவ்வளவுதான். இளநீர் சீவுவதும் மட்டை வெட்டுவதும் அருவாள் வேலை. அதற்கு எந்த மடக்குக் கத்தியையும் நீட்டக் கூடாது. ஏழெட்டு சென்டிமீட்டர் அலகு இருந்தால் தாராளம்.

உருப்படியான கத்தி ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர் கடைசியில் இரண்டு பெயருக்கு நடுவில் வந்து நிற்பார்: பிரான்சின் ஓபினல் எண் 8, ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் பயனியர். கூடவே ஆன்லைனில் மினுக்கும் சீனக் கத்திகளும், சந்தையில் கிடைக்கும் நம்மூர்ப் பட்டறைக் கத்தியும் இழுக்கும்.

ஓபினல் 1890-ல் சவாய் மலைப்பகுதியில் பிறந்த குடியானவர் கத்தி. ஒரு பீச் மரப் பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, இரண்டு வளையம். அவ்வளவுதான் மொத்தக் கத்தியும். எண் 8 என்றால் அலகு 8.5 செ.மீ.; மடக்கினால் பிடியின் நீளம் 11 செ.மீ.; எடை 50 கிராமைத் தொடாது. இதன் உயிர் அலகின் மெலிவில் இருக்கிறது. முதுகுப் பக்கமே இரண்டு மில்லிமீட்டர் இல்லை. அங்கிருந்து கூர் வரை சரிந்து மெலிகிறது. மாங்காய்க்குள் இறக்கினால் துண்டு பிளக்காமல் பத்தையாக வரும். தடித்த அலகு ஆப்பு மாதிரி உள்ளே போய்க் காயைப் பிளக்கும், சீவாது. கத்தி வாங்கும் பலரும் எஃகின் பெயரைக் கேட்கிறார்கள், அலகின் தடிமனைக் கேட்பதில்லை. அன்றாடம் கையில் தெரியும் வித்தியாசம் தடிமனில்தான்.

விரித்த அலகைப் பூட்டுவது கழுத்தில் சுழலும் வளையம், 1955-ல் சேர்த்தது. வளையத்தின் வெட்டுவாய் அலகுக்கு நேரே இருந்தால் திறக்கும், திருப்பிவிட்டால் பூட்டு. திருப்ப மறந்தால் பூட்டே கிடையாது. புதிதாக வாங்குகிறவர் விரல் அறுபடுவது பெரும்பாலும் இந்த மறதியால்தான்.

இதன் தொந்தரவு மரம். ஈரம் குடித்தால் பிடி ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். திருப்பூர், ஈரோடு, காங்கேயம் பக்கம் வருடத்தில் பத்து மாதம் இது தெரியவே தெரியாது. ஐப்பசி அடைமழையில் தெரியும். வால்பாறையில் இருப்பவருக்கு வருடம் பூராவும் தெரியும். அங்கே மரப்பிடி வேண்டாம். இறுகிப்போனால் நகத்தைக் கொடுத்து இழுக்காதீர்கள், நகம்தான் கிழியும். வளையம் திறந்த நிலையில் இருக்க, பிடியின் அடிமுனையைத் திண்ணை விளிம்பில் தட்டினால் அலகு கொஞ்சம் எழும்பி வரும். பிறகு நிழலில் இரண்டு நாள் காயவைத்து, அலகு உட்காரும் பள்ளத்தின் உள்பக்கத்தில் உப்புத்தாளால் ஓரிரு இழுப்பு. எண்ணெயில் ஊறப்போடும் வைத்தியம் செய்வோர் உண்டு. அதிகமானால் அதுவே மரத்தை ஊதவைக்கும்.

ஓபினலிலேயே கார்பனா, துருப்பிடிக்காததா என்று இன்னொரு குழப்பம். கார்பன் எஃகில் 0.90 சதவீதம் கரி. கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சை, மாங்காய், புளி, வாழைப்பால் எது பட்டாலும் கறுக்கும், அறுத்த காயிலும் இரும்பு வாடை ஏறும். கறுப்பு பாதகமில்லை, சிவப்பாகப் பூத்தால்தான் துரு. அறுத்ததும் வேட்டித் தலைப்பில் துடைக்கிற பழக்கம் இருந்தால் கார்பன் வாங்கலாம். இல்லாதவருக்கு இனாக்ஸ், அதாவது துருப்பிடிக்காதது என்று முத்திரை குத்தியதே நிம்மதி.

இனி பயனியர். விக்டோரினாக்ஸ் 1884-ல் தொடங்கி, 1891-ல் முதன்முதலாக ஸ்விஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்த பட்டறை. பயனியர் 93 மி.மீ. நீளம், வரிவரியான அலுமினியப் பிடி, ஊதவும் செய்யாது, வெடிக்கவும் செய்யாது. அலகு ஓபினலைவிடச் சின்னது, கொஞ்சம் தடிமன். மாங்காய் சீவுவதில் ஓபினலிடம் தோற்கும், மறுக்க முடியாது. ஆனால் தோட்டத்தில் ஆட்டம் மாறுகிறது. நாற்றுப்பைக்கு ஓட்டை, சாக்குத் தைக்க வழி, பெல்ட்டுக்கு இன்னொரு துளை என எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் ஊசி போதும். டின் திறப்பானின் முனை சின்ன ஸ்க்ரூ டிரைவர். பாட்டில் திறப்பானின் முனை பெரியது. மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்ற இதுவே போதும், மெயினை அணைத்துவிட்டு. அலுமினியப் பிடி ஷாக்கைத் தடுக்காது.

பயனியரில் பூட்டு இல்லை. வில் மட்டும் அலகைத் தாங்குகிறது. குத்தினால் மடங்கி விரலில் விழும். இழுத்து அறுப்பதற்கு அது ஒரு குறையே இல்லை. துளை போடத்தான் ஊசி இருக்கிறதே, அலகால் எதையும் குத்த வேண்டியதில்லை. ரம்பமும் வேண்டுமென்றால் அதே குடும்பத்தில் ஃபார்மர். கொய்யா, முருங்கைக் கிளையை விரல் பருமன் வரை சுத்தமாக அறுக்கும். பனியன் கம்பெனியில் நூல் கத்தரிக்கிறவருக்குக் கத்தரிக்கோல் சேர்ந்த பயனியர் எக்ஸ்.

எங்கே வைத்துக்கொள்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். குனிந்து குழாய் சரிசெய்யும்போது சட்டைப் பையிலிருந்து எந்தக் கத்தியும் நழுவும். பயனியரில் சாவி வளையம் இருக்கிறது. அரைஞாண் கயிற்றில் சாவிக்கொத்தோடு கோத்துவிடலாம். சாதாரண ஓபினலில் அது இல்லை. பிடியின் அடியில் நாமே துளை போட்டுக் கயிறு மாட்டவேண்டும். மடக்கிய நிலையிலும் ஓபினலின் கழுத்து வளையத்தைத் திருப்பிப் பூட்டிவிட்டால் பட்டாபட்டி டிராயர் பைக்குள் அலகு தானாகத் திறக்கும் பயம் மட்டும் இல்லை.

சீனக் கத்திகள் பற்றி ஒரு பத்தி போதும். ஒரு கையால் திறக்கும், உள்தகடு நகர்ந்து அலகைத் தாங்கும். அவற்றில் வரும் டி2 என்ற கடின எஃகு நாள்பட மழுங்காது. மழுங்கிய பின் நம் வீட்டுக் கல்லில் தீட்டி மாளாது. அலகும் அநேகமாகத் தடிமன். தோட்டத்துச் செம்மண் தகட்டிடுக்கில் சேர்ந்தால் பூட்டு அரைகுறையாக உட்காரும். இரண்டாவது கத்தியாக வாங்கிக்கொள்ளலாம்.

பட்டறைக் கத்தியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்த நாடு இது. புன்செய்ப் புளியம்பட்டிச் சந்தையிலோ பொள்ளாச்சியிலோ மடக்குக் கத்தி வாங்கினால் மூன்றைப் பாருங்கள். கூரின் ஓரத்தில் சின்ன அரத்தை மெல்ல வைத்து இழுங்கள்: வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது, கடித்தால் வெறும் இரும்பு. விரித்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. மடக்கினால் முனை பிடிக்கு வெளியே தலைகாட்டக் கூடாது. ஆணி தளர்ந்தால் பட்டறையில் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்யலாம், அது பெரிய வசதி. ஒரு கத்திக்கு ஏறிய பதம் பக்கத்துக் கத்திக்கும் ஏறியிருக்கும் என்ற உத்தரவாதம்தான் இல்லை.

என் தேர்வு: தோட்டம், மோட்டார், மாடு என்று அலைகிறவருக்குப் பயனியர். வீடு, ஆபீஸ், பயணம், பழம், காய் என்றால் ஓபினல் எண் 8 இனாக்ஸ். விலையிலும் அதுதான் மலிவு. கை சின்னதென்றால் எண் 7.

எதை வாங்கினாலும் தீட்டத் தெரியாவிட்டால் ஆறு மாதத்தில் பிளாஸ்டிக் டப்பா திறக்கும் கரண்டிதான். 1000 கிரிட் தண்ணீர்க் கல் ஒன்று போதும். கல்லைப் பத்து நிமிடம் நனையவிடுங்கள். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கிப் பிடித்தால் கோணம் சுமார் 19 பாகை வரும், அளவுகோலே வேண்டாம். ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் கூர் நெடுகப் பிசிறு தட்டுப்படும். பிசிறு எழாமல் பக்கம் மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அப்போது இரண்டு பக்கமும் தேயும், கூர் மட்டும் வராது. இரண்டு பக்கமும் பிசிறு கண்டபின் அழுத்தத்தைக் குறைத்து மாற்றி மாற்றி ஐந்தாறு இழுப்பு, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுப்பு. தாளைத் தொங்கவிட்டு அறுத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

தெருவில் சாணைச் சக்கரம் உருட்டி வருகிறவரிடம் அருவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு நொடியில் சூடாகும். கூரில் நீலம் படர்ந்தால் 300 டிகிரி அளவுக்குச் சூடேறி அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம்.

பயனியரின் மூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கடலை எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்துவிடும். கார்பன் அலகின் மேல் பூசத் தேங்காயெண்ணெய் போதும்.

பெயர் போன கத்திக்கு நகல் நிறைய. பயனியர் என்றால் பெரிய அலகின் அடியில் கம்பெனிப் பெயரும் ஸ்விஸ் தயாரிப்பு என்ற முத்திரையும் தெளிவாக இருக்கும். கருவிகள் ஒன்றோடொன்று உரசாமல் திறந்து, மூடும்போது சொடுக்கென்று உட்காரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஆயுத விதிகள் பார்ப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகை. வீட்டு, விவசாய வேலைக்கானவை அதிலும் விலக்கு. ஆனால் கோவையில் விமானம் ஏறினால் கைப்பையில் வைக்காமல் லக்கேஜில் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை மனுக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸ் போகிற நாளில் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.