மார்சிலேட்டருடன் 12 வருஷம்: ஒரு லேப்ராஸ்கோப்பி மருத்துவரின் அனுபவம்

தென் தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நல மருத்துவராக இருக்கிறேன். கர்ப்பப்பையில் வரும், புற்றில்லாத ஃபைப்ராய்டு தசைக்கட்டிகளை லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு கேமரா வழியாகப் பார்த்து, எடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. 2012-ல் எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு முதல் மார்சிலேட்டர், அதாவது கட்டியை உள்ளேயே சீவித் துளை வழியாக வெளியே எடுக்கும் கருவி, வந்தது, 2017 வரை அதை வைத்து ஓட்டினோம், அதற்கப்புறம் வேறொன்று வாங்கினோம். இரண்டையும் சேர்த்து 12 வருஷம். கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லவருவது எல்லா மெஷினுக்கும் பொருந்தும்: வெட்டுகிற பகுதியை அவ்வளவு அழகாக யோசித்தவர்கள், வெட்டிய துண்டு எங்கே போய் விழும் என்பதை ரொம்ப காலம் யோசிக்கவே இல்லை.

"மிக்ஸில போட்டு அரைச்சு எடுப்பீங்களா மேடம்?" என்று ஒரு அம்மா கேட்டார். "அரைக்கிறது இல்லம்மா, மாங்காய்த் தோலைச் சீவுற மாதிரி நீள நீளமா சீவி எடுப்போம்" என்றேன். அவருக்காக எளிமையாகச் சொன்னது, ஆனால் இந்தக் கருவியின் வடிவமைப்பு முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வயிற்றில் நாங்கள் போடும் துளை ஒன்றரை சென்டிமீட்டர், உள்ளே கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்த கட்டியோ 8, 10 சென்டிமீட்டர். அதை வெளியே கொண்டுவர வேண்டும். மார்சிலேட்டர் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு குழாய்கள். வெளிக்குழாய் அசையாது. உள்குழாயின் முனை விளிம்பு முழுக்கக் கத்தி, மோட்டார் அதை மட்டும் சுற்றும். நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம் வழியாக நகம் வைத்த நீளமான இடுக்கியை விட்டு, கட்டியின் ஓரத்தைக் கவ்வி, நம் பக்கம் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, சுற்றும் விளிம்பு அதை அறுத்து நீளப் பட்டையாகக் குழாய்க்குள் அனுப்பிவிடும்.

ஜெர்மனியின் கீல் நகரத்தில் கர்ட் செம் என்ற மகளிர் மருத்துவர் இதே வேலையைக் கையால் சுழற்றும் கருவியில் செய்தவர். நல்ல கெட்டியான ஃபைப்ராய்டைக் கையால் சுழற்றி எடுப்பதென்றால் மணிக்கட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். 1993-ல் மோட்டார் வைத்தது வந்தது, 1995-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிக்குழாயின் முனையில் ஒரு பக்கம் மட்டும் பிறை போல ஒரு நாக்கு கத்தியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் சில மில்லிமீட்டர் உலோகம். ஆனால் அந்த நாக்கை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வெட்டே மாறிவிடும். நாக்கு இல்லாமல் கத்தி வட்டம் முழுவதும் கட்டியில் பதிந்தால் அது கிணறு தோண்டுவது போல நேராக உள்ளே இறங்கும், துளை விழும், அடுத்த பக்கத்தில் கத்தி எப்போது வெளியே வரும் என்று கண்ணுக்குத் தெரியாது. நாக்கு ஒரு பக்கத்தைத் தடுத்து நிறுத்தும்போது கத்தி கட்டியின் மேற்பரப்பை மட்டும் தொடும், கட்டி அதுவாகவே உருண்டு கொடுக்கும், தோல் சீவியது போல ஒரே நீளப் பட்டை வரும். முதல் தடவை 20 சென்டிமீட்டருக்கு மேல் ஒரே பட்டையாக வந்தபோது எங்கள் தியேட்டர் சிஸ்டர் அதைத் தட்டில் நீட்டி வைத்து அளந்தே பார்த்தார்.

இதற்கு ஒரு விதி உண்டு, கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்வேன். கட்டிதான் கத்தியிடம் வர வேண்டும், கத்தி கட்டியைத் தேடிப் போகக்கூடாது. இடது கை மெஷினை அசையாமல் வயிற்றுச் சுவருக்குப் பக்கத்திலேயே பிடித்திருக்கும், வலது கை மட்டும் இழுக்கும். முனை எப்போதும் திரையின் நடுவில் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் மோட்டார் நிற்க வேண்டும். இதை மீறியதால் குடலும் பெரிய ரத்தக்குழாயும் கிழிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. நான் இன்னும் பயத்தோடுதான் பிடிக்கிறேன், அந்தப் பயம் போகக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

குழாயின் விட்டத்தைப் பற்றி வாங்குகிறவர்கள் சரியாகக் கேட்பதில்லை. 12 மி.மீ.க்கும் 15 மி.மீ.க்கும் 3 மி.மீ.தானே வித்தியாசம், துளை சின்னதாக இருக்கட்டும் என்று 12-ஐ எடுத்துவிடுகிறார்கள். குழாய்க்குள் போகும் தசையின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக 15-ல் ஒரு இழுப்புக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் வரும். பெரிய கட்டியில் அது பல நிமிட வித்தியாசம், அத்தனை நிமிடமும் கத்தி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் நிமிடங்கள். பதிலுக்கு 15 மி.மீ. துளையை அடி உறை வரை ஒழுங்காகத் தைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரும். நான் 15-ஐத்தான் எடுப்பேன்.

முதல் மெஷினில் மோட்டார் தனிப்பெட்டியில் இருந்தது, அங்கிருந்து வளையும் கேபிள் வழியாகச் சுழற்சி கைப்பிடிக்கு வரும். கையில் கனமே இருக்காது, அது நல்ல விஷயம். ஆனால் கேபிள் கொஞ்சம் இறுக்கமாக வளைந்துவிட்டால் அதிர்வு நேராக விரலுக்கு வரும், கைப்பிடியும் சூடாகும். மூன்றாம் வருஷம் கேபிளின் உள்கம்பி தேய்ந்து, நடு ஆபரேஷனில் முனை விட்டு விட்டுச் சுற்ற ஆரம்பித்தது. மாற்றுக் கேபிள் வர ஏழு வாரம் ஆனது. இரண்டாவது மெஷினில் மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. சுழற்சி சீராக இருக்கிறது, கேபிள் தகராறு இல்லை, ஆனால் அரை மணி நேரம் பிடித்தால் இடது மணிக்கட்டு வலிக்கிறது. எடையைக் கைப்பிடியின் அடிப்பக்கம் கொண்டுவந்திருந்தாலே பாதி வலி குறைந்திருக்கும். என்னைப் போலச் சின்னக் கை உள்ள பெண் மருத்துவர்கள் பலரும் இதைப் பிடிக்கிறோம், அதை மனதில் வைத்து யாராவது ஒரு கைப்பிடி செய்யட்டும்.

கால் பெடல் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. தரையில் ஏற்கெனவே பைபோலாரின் (மின்சாரத்தால் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவி) பெடல் கிடக்கும், பக்கத்தில் இதுவும். ஒருநாள் ரத்தம் கசிவதை நிறுத்தப் பைபோலார் என்று நினைத்து மிதித்தேன், மார்சிலேட்டர் சுற்றியது. கத்தி அப்போது உறைக்குள் பின்வாங்கி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கட்டியைக் கவ்வி "ரெடி" என்று நான் சொன்ன பிறகுதான் டெக்னீசியன் தம்பி அந்தப் பெடலைக் காலடிக்குத் தள்ளுவார், முடிந்ததும் இழுத்துக்கொள்வார். கையில் பொத்தான் இருக்கிற மாடலாகவே வாங்குங்கள்.

பின்பக்க வால்வைப் பற்றி விளம்பரத் தாளில் ஒரு வரிகூட இருக்காது. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நின்றால்தான் இடம் கிடைக்கும். பட்டை வெளியே வரும்போது வால்வு விரியும், வாயு புஸ்ஸென்று போகும், வயிற்றுச் சுவர் கீழே இறங்கும், குடல் மேலே வரும். கத்திக்கும் குடலுக்கும் இடைவெளி குறைகிற அந்த சில வினாடிதான் ஆபத்து. எங்கள் முதல் மெஷினில் ரப்பர் வாஷர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெடித்துப்போகும். அதன் விலை மிகக் குறைவு, ஆனால் கைவசம் நாலைந்து இல்லாமல் நான் கேஸ் போடுவதில்லை.

மழுங்கின பிளேடுதான் கூர்மையானதைவிட மோசம். நல்ல ஃபைப்ராய்டு வெள்ளையாக, நூல்கண்டைக் குறுக்கே அறுத்தது போல இருக்கும், கூரான பிளேடு அதில் சத்தமில்லாமல் போகும். சுண்ணாம்பு படிந்த கட்டி ஒன்று வந்தால் போதும், விளிம்பு போய்விடும். அப்புறம் அறுக்காது, பிடித்துக்கொண்டு முறுக்கும். மொத்தக் கட்டியும் பம்பரம் போலச் சுற்றும், துணுக்குகள் நாலாபக்கமும் தெறிக்கும். வேகத்தைக் கூட்டினாலும் இதேதான் நடக்கும். அதனால்தான் எங்கள் மெஷினின் வேகக் குமிழ் பாதிக்கு மேல் ஏறுவதே இல்லை.

அந்தத் துணுக்குகளைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்ததே. ஆரம்ப வருஷங்களில் தெறித்ததைப் பொறுக்கி எடுப்போம், பல லிட்டர் சலைன் விட்டுக் கழுவுவோம், சுத்தமாகிவிட்டது என்று நம்புவோம். நான் ஆபரேஷன் செய்த ஒரு பெண் நாலு வருஷம் கழித்து வயிற்று வலியோடு வந்தார். உள்ளே பார்த்தால் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையில் பட்டாணி அளவில் ஆறு ஃபைப்ராய்டுகள். நான் விட்டு வந்த துணுக்குகள் அங்கே ரத்த ஓட்டம் தேடிக்கொண்டு வளர்ந்திருந்தன. புற்றுநோய் இல்லை, எடுத்துவிட்டோம், அவர் நலமாக இருக்கிறார். அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "தெரிஞ்சா செஞ்சீங்க, விடுங்க டாக்டரம்மா" என்றார். எனக்கு விட முடியவில்லை.

சாதாரணக் கட்டியே இப்படி முளைக்கும் என்றால் அது சார்கோமாவாக, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்றாக, இருந்தால்? பாஸ்டனில் மயக்கமருந்து மருத்துவராக இருந்த ஏமி ரீடுக்கு 2013-ல் அதுதான் நடந்தது. சாதாரண ஃபைப்ராய்டு என்று நினைத்து மார்சிலேட்டர் வைத்துக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், பிறகு பரிசோதனையில் புற்று என்று தெரிந்தது. அவரும் கணவரும் விடாமல் போராடினார்கள். 2014 ஏப்ரலில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது: ஃபைப்ராய்டு என்று ஆபரேஷன் செய்யப்படும் பெண்களில் சுமார் 350-ல் ஒருவருக்கு மறைந்திருக்கும் சார்கோமா இருக்கலாம் என்று. ஏமி 2017-ல் இறந்துவிட்டார். அந்த 350 என்ற கணக்கு அதிகம் என்று வாதிட்டவர்கள் நிறைய. 1000-ல் ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒருவர் யார் என்று ஆபரேஷனுக்கு முன் உறுதியாகச் சொல்ல நம்மிடம் எந்த ஸ்கேனும் இல்லையே. நான் எட்டு மாதம் மெஷினைத் தொடவில்லை.

திரும்பத் தொட்டது பையோடு. கட்டியைப் பைக்குள் போட்டு, பையின் வாயை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, பைக்குள்ளேயே வாயு ஏற்றி, அதற்குள் கத்தியை விட்டு அறுப்பது. எஃப்.டி.ஏ. இப்படி ஒரு பைக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது 2016-ல். முதல் பத்து கேஸ் சித்திரவதையாக இருந்தது: கேமரா மங்கும், பை மடிந்து கத்திப் பக்கம் வரும், அரை மணி நேரம் கூடுதல். பழகப் பழகச் சரியாகிவிட்டது. இங்கேதான் அந்தப் பிறை நாக்கின் அருமை மறுபடி தெரிகிறது, கத்தி முனை எப்போதும் மேல்பரப்பிலேயே நிற்பதால் பையின் அடியைத் தொடுவதில்லை. ஆனால் பை ஒரு கம்பெனி, மெஷின் ஒரு கம்பெனி, நீளமும் விட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பை இல்லாமல் மோட்டார் ஓடவே ஓடாது என்கிற மாதிரி இரண்டையும் ஒரே கருவியாகச் செய்திருக்க வேண்டும், 12 வருஷத்தில் என் பெரிய மனக்குறை அதுதான்.

மாதவிலக்கு நிற்கும் வயதை எட்டியவர்களுக்கு மார்சிலேட்டரே வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அவர்களுக்குச் சின்னதாக ஒரு கீறல் போட்டு, பையை அதன் வழியே வெளியே இழுத்து, சாதாரணக் கத்தியால் கையிலேயே சீவி எடுத்துவிடலாம், அதற்கு மோட்டாரும் தேவையில்லை.

ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் பை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க சிஸ்டர் அந்தப் பையில் நீல மருந்து கலந்த தண்ணீரை ஊற்றி, வெள்ளைத் துணி மேல் தூக்கிப் பிடிப்பார். எல்லாரும் கையுறையைக் கழற்றாமல் நிற்போம். துணியில் ஒரு நீலப் புள்ளி விழுந்தாலும் அது ஆபரேஷன் குறிப்பில் எழுதப்படும், அந்தப் பெண்ணிடமும் சொல்லப்படும். இதுவரை இரண்டு முறை விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருகிறார்கள்.